ஓஸு எட்டின இடத்தில் ஓட்டை

...பம்பு மேல ஒரு குத்தமும் இல்லீங்க ரைட்டரே! படகு எதனால முழுகுச்சுன்னுதான எஸ்டேட்டு ஆபீசுல எழுதிட்டு வரச் சொன்னாங்க? காத்துன்னு எழுதுங்க. இந்த ஏற்காட்டுக் காத்த நம்பி யாராச்சும் பாய்ப்படகு வாங்குவாங்களா? நம்ம எஸ்டேட்டு தேவகுமாரி அம்மா வாங்குனாங்க. காப்பிக்கொட்டை காயப்போட்டா வராத காத்து, படகுல ஏறி உக்காந்தா மட்டும் சேர்வராயன் மலையே ஊதிவுட்டாப்புல வருமுங்க!

ஏனுங்க, எந்திரிக்கறீங்க? டீய குடிங்க மொதல்ல.

படகுக்குள்ள அடியில தண்ணி தேங்கிக்கும். அத வெளிய தள்ள பேட்டரி பம்பு. "வேடியப்பா, எஸ்டேட்டு மோட்டாரெல்லாம் நீதான பாக்கற, இதையும் மாட்டிக் குடு"ன்னாங்க அம்மா. மாட்டுனேன். ஓஸுக் கொழா ஒரு முனை பம்புல, மறுமுனை படகோட பக்கப்பலகையில. அதுக்கு ஓட்டை போட்டேன் பாருங்க... வட்டம்னா அப்படியொரு வட்டம்! கிளியூர் ஆசாரியே தடவிப் பாத்தாரு.

ஞாயித்துக்கெழம அம்மாவும் நாத்தனாருங்க ரெண்டு பேரும் ஏறுனாங்க. ரெண்டு பேரும் நல்ல... சரி வுடுங்க, பெரிய ஊட்டு சமாச்சாரம். நடு ஏரியில காத்தடிச்சுது, படகு சாஞ்சுது, ஓட்டை தண்ணிக்குள்ள போயிருச்சு! பம்பு ஓடலீன்னா, வெளிய போற வழிதானுங்க உள்ள வர்ற வழி? ஏரி குடுகுடுன்னு ஓஸு வழியா உள்ள... மூணு பேரும் இடுப்பளவு தண்ணியில உக்காந்துக்கிட்டே கத்துனாங்க. மிதிபடகுல வந்த சேலத்துக்காரங்கதான் கரைக்கு இழுத்துட்டு வந்தாங்க.

இதுக்குப் போயி, படகப் பாத்துக்கற அருள்சாமிய வேலைக்கு வரவேண்டாம்னுட்டாங்க. அந்த ஓட்டையப் பத்தி அவனுக்கு என்னங்க தெரியும்? நேத்து பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். சண்டைக்கு வருவான்னு நெனச்சா, "ஏனுங்கண்ணா, பம்பு கெட்டுப் போச்சுங்களா"ன்னு விசாரிக்கறான். ரெண்டு வசவு வெச்சிருந்தாக்கூட எனக்குச் சோறு எறங்கியிருக்கும்.

ஓட்டைய மேல் விளிம்பு ஓரமாப் போடு, ஓஸ மேல தூக்கி வளைச்சுக் கொண்டான்னு அம்மா படமே வரைஞ்சு குடுத்தாங்க. எட்டலீங்க. கடையில வாங்கறப்ப நொம்ப நீளமாத்தான் இருந்துச்சு... எங்கூட்டுக்காரி காளியாயி அவரைப் பந்தலுக்குத் தண்ணி வுட ஒரு துண்டு கேட்டா. வெட்டிக் குடுத்தேன். மிச்சம் எட்டுன எடத்துல ஓட்டை. தண்ணிக்கு ஒரு சாண் மேலகூட இல்ல.

ஏனுங்க, பேனாவ மூடறீங்க? தெறங்க. காத்துன்னு எழுதுனத அடிச்சுருங்க. அருள்சாமி மேல தப்பில்ல, வேடியப்பன் ஓஸ வெட்டுனான்னு எழுதுங்க. அஞ்சடி... ஆறடின்னே போடுங்க.

எங்கீங்க கையெழுத்துப் போடணும்?