நகக் கனம்

ஒத்தடத்துக்குக் கல் உப்புதான் நல்லது. வெறும் வாணலியில் வறுத்து, பழைய பருத்தித் துணியில் முடிந்து, வலிக்கிற இடத்தில் வைப்பதற்கு முன் நம் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கன்னம் தாங்கினால் அவர்கள் உடம்பும் தாங்கும். இதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை, போன வாரம் தவிர.

என் தொழில் செருப்பு, ஷூ பழுது பார்ப்பது. இருபது வருஷமாகத் தேய்ந்த குதிகால்களைப் பார்த்துவருகிறேன். ஒருவர் பேசாமல் செருப்பைக் கழற்றி வைத்தாலே போதும், அவருக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். குதிகால் ஒரு பக்கம் தாழ்ந்தால் முதலில் முழங்கால் பிடிக்கும், அப்புறம் இடுப்பு, கடைசியில் முதுகு. டாக்டர்கள் முதுகைத்தான் படம் எடுப்பார்கள். குனிந்து செருப்பைப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

என் மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவள். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளுக்குக் கால் பிசகிவிட்டது. பத்து நாள் ஒத்தடம் வைத்தேன். அந்தப் பத்து நாளும் வாய் ஓயாமல் பேசினாள். இருக்கிற துணியையெல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களைப் போல நடித்துக்கூடக் காட்டினாள். நான் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பதினோராம் நாள் கால் சரியானது. பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அந்த மாதம்தான் தங்கை இருக்கும் ஊரில் ஒரு பெரிய கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. "நான் மட்டும் போறேன். நீங்க பட்டறையை விட்டுட்டு வர வேண்டாம்," என்றாள். திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுடைய இடது செருப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

குதிகாலுக்கு அடியில் இருக்கும் அட்டையை உரித்து, ஒரு நகக் கனம் சீவி, மறுபடி ஒட்டினேன். வெளியே பார்த்தால் தெரியாது. மாதத்துக்கு ஒரு நகம். அவளிடம் இருந்த மூன்று ஜோடிக்கும் அப்படித்தான். நான் நினைத்தது தப்பவில்லை. முதலில் முழங்கால் பிடித்தது, பயணம் தள்ளிப்போனது; மழைக்காலம் வந்தபோது இடுப்பு.

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு எங்க போறது? நீங்க இல்லேன்னா என் பாடு என்னவாகும்," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அப்படியொரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை.

ஆனாலும் தங்கை விடவில்லை. "அக்கா, வலியோடவே கிளம்பி வா, இங்க பாத்துக்கலாம்," என்று போன் மேல் போன். அவளும் பெட்டி கட்டிவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் இரண்டு நகம் சேர்த்துச் சீவினேன். எங்கள் வீடு இருக்கும் மூன்றாவது மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கியவள், பாதிப் படியில் இடுப்பு மடங்கி விழுந்தாள். முதுகெலும்பு போய்விட்டது. இனி எழுந்து நடக்க மாட்டாள்.

இப்போது இடுப்புக்குக் கீழே அவளுக்கு வலி இல்லை. எந்த உணர்வும் இல்லை. மறுபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒத்தடத் துணியோடு உட்கார்ந்தால், "எதுக்குங்க இது? அதான் ஒண்ணுமே தெரியலையே," என்பாள். போன வாரம் உப்பைக் கூடுதலாக வறுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தொடையில் வைத்து, ஒரே ஒருமுறை "அம்மா" என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வெச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். மறுநாளும் வைத்தேன்.

கொப்புளங்களைப் பார்த்தது, அக்காவைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த தங்கைதான். இருவருக்கும் ஒரே அளவுக் கால். மருந்து வாங்கிவர அவசரத்தில் அக்காவின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியவள், தெருமுனை வரை போய், நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள். இரண்டு செருப்பையும் கழற்றி அருகருகே வைத்துப் பார்த்தாள். அவள் போன் செய்த பிறகுதான் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

செருப்பைச் சீவியது நான்தான். சூடு வைத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவளையே கேட்டுப் பாருங்கள். என் கை பட்டு வலித்தது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.