உயிருள்ள மானுக்கு ஒரு ரம்பம்

வெள்ளைக்காரர் காலம். பேளுக்குறிச்சிச் சந்தையில், பாயின் இரும்புக் கடையில் அரிவாள் வாங்க நின்றிருந்தேன். கொல்லிமலையிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்த ஒருவர் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

“ஏனுங்க பாய், மான்கொம்பு அறுக்க ஒரு ரம்பம் வேணுங்க. மான் உசுரோட நிக்குதுங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

“எங்க நிக்குது?” என்றார் பாய்.

“எங்க பலாமரத்துக் கவையில கடமானோட கொம்பு சிக்கிக்கிச்சுங்க. விடிஞ்சதுல இருந்து இழுத்துப் பாக்குது. எங்கூட்டுக்காரி ஈரத்துணியில அதோட கண்ணைக் கட்டிட்டுப் பக்கத்துலயே நிக்குறா.”

“மரத்தை வெட்டிரலாமே?”

“மரம் வளர இருவது வருசமாச்சுங்க. கொம்பு அடுத்த வருசமே மொளைச்சிருங்க.”

“அதுக்கு வலிக்காதா சாமி?” என்றார் எனக்குப் பின்னால் நின்ற அம்மா.

“முத்துன கொம்புங்க. நகம் வெட்டற மாதிரிதான்.”

பாய் பெரிய ரம்பம் ஒன்றை எடுத்து, தானே திரும்ப வைத்தார். “பெரிய பல்லு கொம்புல மாட்டும், மான் மெரளும். இந்தப் பொடிப்பல்லு ரம்பந்தான் சரி. தண்ணி ஊத்தி மெதுவா அறுங்க.”

அடுத்த சந்தைக்கு அவர் மனைவியோடு வந்தார். பாய் எழுந்தே விட்டார்.

“பொழச்சுதா?”

“பொழச்சுதுங்க! ரண்டு கொம்பும் உழுந்ததும் கண்ணுத்துணியை அவுத்துட்டு, ஓடும்னு ஒதுங்கி நின்னோம். ஓடலீங்க. எருமைத் தொட்டியில போய்த் தண்ணி குடிச்சுது.”

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“அதை ஏனுங்க கேக்கறீங்க! மொட்டைத் தலையைப் பாத்து எங்க எருமை அதைக் கன்னுன்னு நெனைச்சுக்கிச்சு. மூஞ்சி பூரா நக்கி உட்டுச்சு. அத்தாம் பெரிய மானும் கண்ணை மூடிக் காட்டிட்டு நின்னுச்சுங்க!”