பென் அம்மார் வீட்டுப் படங்கள்

வசீலா: பென் அம்மார் வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் அப்படியே இருக்கே மொன்ஜி? அழிச்சுட்டேன்னியே.

மொன்ஜி: அழிக்கச் சொல்லித்தான் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன் மதாம்.

வசீலா: மூணு வருஷப் பழசு. ஆல்பம் வாங்கிட்டுப் போயாச்சு. அது சட்டமா உட்கார்ந்திருக்கு. போன வாரம் எடுத்தது, அம்மார் வீட்டுக் கல்யாணம்... அந்த ஃபோல்டரைக் காணோம்.

மொன்ஜி: நல்லாத் தேடினீங்களா?

வசீலா: ஸ்டுடியோ என்னுது. என் கம்ப்யூட்டர்ல எனக்குத் தேடத் தெரியாதா? பதினோரு மணிக்கு அந்த மாப்பிள்ளையோட அம்மா வராங்க. பக்லவா இனிப்புத் தட்டோட, படம் பார்க்க. வாயைத் திற.

மொன்ஜி: பேர் நடுவுல இடைவெளி இருக்கு மதாம். பென்... அப்புறம் அம்மார்.

வசீலா: இந்த ஸ்ஃபாக்ஸ் ஊர்ல பாதிக் குடும்பம் பென் ஏதோ ஒண்ணுதான்.

மொன்ஜி: ஸ்கிரிப்ட்ல பேர் வந்து உட்கார்ற இடத்தைச் சுத்தி மேற்கோள்குறி போடணும். போடலைன்னா இடைவெளியில உடைச்சு ரெண்டு பேரா எடுத்துக்கும். பென்னை அழி, அம்மாரை அழின்னு. பென்னுன்னு மட்டும் ஒரு ஃபோல்டரும் இல்ல.

வசீலா: அம்மார் இருந்துச்சு.

மொன்ஜி: இருந்துச்சு.

வசீலா: பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஏன் போடலை? ரெண்டு குறி வைக்கக் கை வலிச்சுதா?

மொன்ஜி: முதல்ல போட்டேன். ஒற்றைக் குறி. அதுக்குள்ள பேர் வந்து உட்காராது, நான் எழுதினதை எழுதினபடியே தேடும். எதுவும் அழியல. எரிச்சல்ல குறியைத் தூக்கிட்டேன். இரட்டைக் குறி போட்டிருக்கணும்.

வசீலா: குப்பைத்தொட்டியில இருக்குமே?

மொன்ஜி: இந்த வழியில அழிச்சா அங்க போகாது... பதறாதீங்க மதாம். கேமரா கார்டு உங்ககிட்டதானே? கொடுங்க. அந்தம்மா தட்டைப் பிரிக்கறதுக்குள்ள திருப்பி ஏத்திடறேன்.

வசீலா: கார்டுல சனிக்கிழமைக் கல்யாணம் இருக்கு.

மொன்ஜி: என்னது?

வசீலா: அதை எடுக்க மஹ்தியா ஊருக்குப் போனேன்ல. துடைச்சுட்டுத்தான் போனேன். கார்டு ரொம்பற வரைக்கும் எடுத்தேன்.

மொன்ஜி: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காமயா?

வசீலா: கேட்டேன். வெள்ளிக்கிழமை, இதே மேஜையில. அம்மார் படம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கான்னு. வாயில குஸ்குஸோட 'இருக்கு'ன்ன. அந்த ஸ்கிரிப்டை எப்போ ஓட்டினே? இன்னிக்குக் காலையிலதானே?

மொன்ஜி: வியாழக்கிழமை. அம்மார் ஃபோல்டர் போனதை அன்னிக்கே பார்த்துட்டேன். கார்டு இருக்கேங்கற தைரியத்துலதான் 'இருக்கு'ன்னேன்.