தூக்கிய கை

குழி தோண்டுவதில் அவசரம் கூடாது, ஐயா. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கெட்டுப்போவது அதில்தான். டிராக்டரின் பின்னால் மாட்டுகிற ஆகர் என்பது ஆள் உயரத் திருகு. இன்ஜின் அதைச் சுற்றும், அது மண்ணைக் குடைந்துகொண்டு இறங்கும். ஒரேயடியாக இறக்கினால் முறுக்கிக்கொண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். கொஞ்சம் இறக்கி, தூக்கி, மண்ணை உதறிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். நான் போட்ட குழியில் கம்பம் நட்டால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். வருகிறேன்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் சீட்டில், ஒருவன் தரையில். இன்ஜின் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. திருகுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்பதும் சீட்டிலிருந்து தெரியாது. அதனால் தரையில் நிற்பவன் கையைத் தூக்கினால் சீட்டில் இருப்பவன் உடனே நிறுத்திவிட வேண்டும். எந்தக் கை, எதற்காக என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. கால் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்க வேண்டும். முழுசாக மிதித்தால் திருகு நின்றுவிடும்.

சீட்டில் நான், தரையில் என் தங்கையின் கணவன். அதற்கு முன்னால் அவன் என் நண்பன். நண்பன் என்பதால்தான் கண்ணை மூடிக்கொண்டு தங்கையைக் கொடுத்தேன். பெண் பார்க்க வந்த அன்று அவனைவிட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது என்று வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

முதல் விபத்து உங்கள் கோப்பில் இருக்கும். ஒரு கிடங்குக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தோம். குழியைச் சுற்றிச் சேரும் மண்ணை அள்ள ஓர் அக்கா வந்திருந்தார். திருகு சுற்றும்போது கிட்டே வராதீர்கள் என்று காலையில் நான்தான் சொன்னேன். மத்தியானம் அவர் மறந்துவிட்டார். மனிதர்கள் மறப்பார்கள், அதற்காகத்தான் தரையில் ஒருவன் நிற்கிறான். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை தூக்கவில்லை. அலறல் கேட்டுத்தான் நான் கிளட்சை மிதித்தேன். அதற்குள் அந்த அக்காவின் பாதம் போய்விட்டது.

விசாரணையில் அவன் சொன்னது இது: "நான் கையத் தூக்கினேன் சார். இவரு பாக்கவே இல்ல. போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு."

தன் கையிலிருந்த போனைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டான். கொஞ்சமும் கூசவில்லை. நான் இல்லை என்றேன். சீட்டில் இருப்பவன் பேச்சை யார் நம்புவார்கள்? ஜெயிலுக்குப் போனேன். லைசென்ஸ் போயிற்று. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் தங்கை ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"பொய் சொல்லாதண்ணா. அந்த அக்கா காலை நெனச்சாலே எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வருது."

சின்ன வயதில் வீட்டில் எது உடைந்தாலும், யார் உடைத்தது என்று அம்மா அவளைத்தான் கேட்பார். அவள், "அண்ணனைக் கேளு, அவன் பொய் சொல்ல மாட்டான்" என்பாள். அவள் வாயிலிருந்தே அப்படி ஒரு சொல் வந்தது. எனக்கு வலித்தது, ஐயா. இப்போதும் வலிக்கிறது.

வெளியே வந்து, லைசென்ஸும் திரும்பக் கிடைத்த பிறகு, அவனே என்னைத் தேடி வந்தான். தொழிலை நன்றாக வளர்த்திருந்தான். டிராக்டர் நிறுத்த ஷெட் போட்டிருந்தான். அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். உண்மையைச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். விட்டும் இருப்பேன்.

"நடந்தது நடந்து போச்சு மச்சான். நான் மனசுல எதையும் வச்சுக்கல. உன்னை மன்னிச்சு ரொம்ப நாளாச்சு."

"என்னையா மாப்ள மன்னிச்ச?"

"விடு மச்சான். குடும்பத்துக்குள்ள இதெல்லாம் எதுக்கு? நாளையில இருந்து சீட்ல ஏறு."

அவன் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிறவனின் முகமாக இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நாலு அறை விட்டு, அத்தோடு முடித்திருப்பேன். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போனேன். பழையபடி எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன்.

திருகையும் அதற்கு மேலே இருந்து அதைச் சுற்றுகிற கியர் பெட்டியையும் இணைக்க ஒரு போல்ட் உண்டு. அது மென்மையான இரும்பில்தான் இருக்க வேண்டும். கீழே பாறை மாட்டினால் போல்ட் உடைந்து இயந்திரம் பிழைத்துக்கொள்ளும். அதோடு அது அளவாகவும் இருக்க வேண்டும், முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் துணியைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் பழைய போல்ட் உடைந்தது. நான் புதிதாகப் போட்டது ஒரு விரல் நீளம் அதிகம், இரும்பும் கெட்டி. கடையில் சரியான போல்ட்டும் இருந்தது.

அந்த இடத்தைச் சுற்றி ஒரு தகர மூடி இருக்கும். அதில் விரிசல் விட்டிருந்ததால் வெல்டிங்குக்குக் கொடுத்திருந்தேன். அதை அவனிடம் சொன்னேன். "மூடி இல்ல மாப்ள. இன்னிக்கு ஓட்டலாமா வேணாமா, நீயே சொல்லு" என்று கேட்டேன். "நாலு குழிதானே, ஓட்டு" என்றான். முடிவு அவனுடையது. விரிசல் எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுத்தியலால் நான்தான் அடித்தேன் என்று சொல்லியிருப்பேன்.

அவன் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தரை கெட்டியாக இருந்தால் கிட்டே போய்ப் பெட்டியின் மேல் சாய்ந்து அமுக்குவான். அதுவும் கூடாது என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்று தரை கெட்டியாக இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

சட்டைக் கையின் விளிம்பைத்தான் போல்ட் முதலில் பிடித்தது. அவனுக்குப் பயம் வரவில்லை. யாரோ கூப்பிட்டு இழுக்கிற மாதிரி அதைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அப்புறம் இடது கையைத் தூக்கினான். நேராக, உள்ளங்கை விரித்து, எப்படித் தூக்க வேண்டுமோ அப்படித் தூக்கினான். இத்தனை வருடத்தில் அவ்வளவு சரியாக அவன் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

என் கால் கிளட்ச் மேல்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு சட்டைக் கை முழுவதும் சுற்றிக்கொள்கிற நேரம். அதற்கு மேலும் கொஞ்சம். அவன் வாய் திறந்திருந்தது, இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பிறகு மிதித்தேன். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கிட்டே போனேன். அதுதான் முறை. என் பெல்ட்டைக் கழற்றி அவன் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான்தான். உயிர் தப்பியது. வலது கையைத்தான் எடுத்துவிட்டார்கள்.

அவனைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். நான் நினைத்தது வேறு. கண் விழித்ததும் அவன் என்ன சொல்வான்? "கையத் தூக்கினேன், இவரு பாக்கவே இல்ல" என்பான். ஆமாம் என்று ஒப்புக்கொண்டு மறுபடி உள்ளே போக நான் தயாராக இருந்தேன். இந்தத் தடவை அவன் சொல்வது உண்மையாக இருக்கும். தண்டனையை நான் முன்னாலேயே அனுபவித்துவிட்டேன், ஐயா. குற்றம் மட்டும்தான் பாக்கி இருந்தது.

அவன் என்ன சொன்னான் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள்தானே எழுதிக்கொண்டீர்கள். "நான் கையே தூக்கல சார். நானாத்தான் கிட்டப் போய் மாட்டிக்கிட்டேன். மச்சான் மேல எந்தத் தப்பும் இல்ல."

நீங்கள் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டான். மருந்து வாடை அடித்த அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். மெதுவாகக் கேட்டான். "இப்ப சரியாப் போச்சா, மச்சான்?"

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதலில் பொய் சொன்னான், பிறகு என்னை மன்னித்தான், இப்போது கணக்கையும் அவனே தீர்க்கிறான். எனக்கென்று ஒன்றை விட்டுவைக்க மாட்டானா? மறுபடியும் அதே கையைப் பற்றி அதே மாதிரி பச்சைப் பொய். ஊரே அவனைத் தங்கமான மனுஷன் என்கிறது. என் தங்கை ஓடி வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "உன் மேல தப்பில்லன்னு அவரே சொல்லிட்டாருண்ணா" என்றாள். அவரே சொல்லிவிட்டார். நான் இல்லை என்று சொன்னபோது உட்காரக்கூட மாட்டேன் என்றவள், அவன் சொன்னதும் நம்புகிறாள்.

அதனால்தான் நானாக வந்தேன். அவன் கையைத் தூக்கினான். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வாக்குமூலத்தை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.

என் தங்கை வெளியே பெஞ்சில் எனக்குச் சாப்பாடு எடுத்து வந்து காத்திருக்கிறாள். அவளை உள்ளே கூப்பிட்டு இதை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். அவள் அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.