சுவாமியார் வந்த பின்படலை

பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் போன பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவருடைய மகனுக்கும் மற்றவருடைய மகளுக்கும் கலியாணம். கூறைச்சேலை எடுக்கப் போகிறார்கள். ஆனால், தாலியை எந்தக் கோயிலில் கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர், பெண் வீட்டார் புரட்டஸ்தாந்துக்காரர்.

“எங்கட பழைய சுவாமியார் இருந்திருந்தா இந்தக் கலியாணமே நடந்திராது, மச்சாள்,” என்றார் மாப்பிள்ளையின் தாய், தங்கள் கத்தோலிக்கக் குருவானவரை நினைத்து. “உங்கட சேர்ச் வாசலை மிதிக்காத மனிசன் அவர்.”

“ஓம், வாசலை மிதிக்கேல்லைத்தான். எங்கட போதகர் ஐயர் வீட்டுக்குப் பின்படலையால வந்தவர்.”

“ஆர், எங்கட சுவாமியாரோ?”

“ஞாயிறு காலமை பூசையில, எங்களோட சேர வேண்டாமெண்டு உங்களுக்குப் பிரசங்கம். மத்தியானம் ஐயரம்மான்ர குசினியில நண்டுக் கறி. நாங்கள் பக்கத்து வீடு. அவர் ரெண்டாந்தரம் சோறு கேக்கிறது எங்களுக்குக் கேக்கும்.”

“பாவம், மச்சாள். கலியாணம் கட்டாத மனிசனுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?”

“எங்கட ஐயரும் பாவமெண்டுதான் சொன்னவர். ‘பிரசங்கத்தில என்னைப் பேசினாலும், சாப்பிடேக்க சோறு கேக்க மட்டுந்தான் வாய் திறக்கிறவர்’ எண்டு.”

கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தாய் பக்கம் திரும்பினார்.

“சரி. தாலி எங்கட கோயிலில கட்டுவம். சாப்பாட்டை உங்கட சேர்ச் மண்டபத்தில வையுங்கோ.”

“நண்டும் சமைக்கிறதோ?”

“பின்ன? சுவாமியார் காட்டின வழியை நாங்கள் மாத்தலாமே?”