மாடிப்படி லைட்டு

— மெயினை அணைச்சுட்டீங்களா மேடம்?

— அணைச்சாச்சு தம்பி. ஃபிரிட்ஜ் சத்தம்கூட நின்னு போச்சு.

— அப்புறம் இது ஏன் எரியுது?

— எது?

— டெஸ்டர். பரண் மேல ஏறி வந்து பாருங்க. பலகை மேல கால் வைங்க, இடுக்குல வேண்டாம். இதோ, இந்தப் பழைய வயர் ஜாயின்ட்ல வச்சா பளிச்சுன்னு எரியுது.

— டெஸ்டர் கெட்டுப் போயிருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்னொண்ணு எடுத்துப் பார்த்தேன், அதுவும் இதே கதைதான் சொல்லுது.

— சரி, அதைத் தொடாம ஓரமா வேலையைப் பாருங்களேன். நாலு பிளக் பாயின்ட்தானே கேட்டேன்? ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வந்துடுவா. பரணை ரூமாக்கித் தர்றேன், இங்கேயே மேசை போட்டு ஆபீஸ் வேலையைப் பாருன்னு அவளை வரவச்சிருக்கேன்.

— புது பைப்பு இந்த ஜாயின்ட்டை உரசிக்கிட்டுத்தான் போகணும் மேடம். இதுல சுத்தின டேப்பு கை பட்டாலே உதிருது. இதுமேல பலகையை அடிச்சு மூடிட்டு, அதுமேல உங்க பொண்ணை உட்கார வைக்கணுமா?

— கையுறை போட்டுக்கிட்டு...

— போட்டுக்கலாம். அப்புறம் என் பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

— அய்யோ, அப்படியெல்லாம் பேசாதீங்க.

— இந்த மாடிப்படி லைட்டைப் போடுங்க, பார்ப்போம்.

— மெயின்தான் அணைஞ்சிருக்கே, எப்படி... எரியுதே!

— ம்.

— இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் தம்பி. ஃபியூஸ் போய் வீடே இருட்டாக் கெடக்கும், இந்த ஒரு லைட்டு மட்டும் ஜம்முனு எரியும். எங்கப்பா நின்னு போட வச்ச வயரிங்னு ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கேன்.

— உங்கப்பாவைக் குறை சொல்லல. ஆனா இது உங்க வீட்டு கரண்ட்டே இல்ல. வயரு சுவருக்குள்ள புகுந்து அந்தாண்ட போகுது. பக்கத்து வீடு யாருது?

— யாரோ.

— யாரோன்னா?

— எங்க அக்கா.

— கூடப் பிறந்தவங்களா?

— பிறந்தது கூடத்தான். முன்னாடி ரெண்டும் ஒரே வீடு. வித்துடலாம்னு அவ நின்னா, முடியாதுன்னு நான் நின்னேன். கடைசியில நடுவுல இந்தச் சுவரு நின்னுது. உன் வீட்டுக் காத்துகூட என் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

— காத்து வரல மேடம். கரண்ட்டுதான் வந்திருக்கு.

— சிரிக்காதீங்க! அவளுக்கு இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வெட்டி எறிஞ்சிருப்பா. நீங்களே போய் அணைக்கச் சொல்லுங்களேன்.

— சொல்றேன். ஆனா நான் இங்க வந்து வயரைக் கையில பிடிச்சிருக்கும்போது, அங்க யாராவது லைட்டு போச்சேன்னு தட்டி விட்டுட்டா? அந்த சுவிட்ச் பக்கத்துல ஒரு ஆள் காவல் நிக்கணும். அது நீங்கதான்.

— வேற வழியே இல்லையா?

— இருக்கு. வேலையை இப்படியே விட்டுட்டு நான் கெளம்புறது.

— ...அணைச்சா இந்த லைட்டும் போயிடுமே. இது இல்லாம நான் இந்தப் படியில காலே வைக்க மாட்டேன். சின்னதுலேந்தே இருட்டுன்னா எனக்கு ஆகாது.

— சாயங்காலத்துக்குள்ள இதையும் உங்க போர்டுல சேர்த்துடறேன். பரணுக்குத் தனி லைன், எர்த்து, ஷாக் அடிச்சா தானா விழுற டிரிப்பர், எல்லாம் முறையாப் போட்டுடலாம். நீங்க அங்க போய் நின்னுட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க. நீங்க சொல்ற வரைக்கும் கை வைக்க மாட்டேன்.

— அவ கதவைத் திறக்கலேன்னா?

— தட்டிப் பாருங்க மேடம்.

— யாரு அது, கதவைத் தட்டுறது?

— நான்தான்.

— நான்தானுக்குப் பேரு கெடையாதா?

— உன் தங்கச்சி. உள்ள வரலாமா?

— திறந்துதானே கெடக்கு. செருப்பை அங்கயே விடு. என்ன விஷயம்?

— பரண்ல வேலை நடக்குது. வயர்மேன் அனுப்பினாரு. உங்க மெயினைக் கொஞ்ச நேரம் அணைக்கணுமாம். நான் பக்கத்துல நிக்கணுமாம். அது வந்து... உன் கரண்ட்டு என் பக்கம் வந்திருக்கு. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா.

— எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— சுவரு கட்டினப்பவே எங்க வயர்மேன் காட்டினாரு. வெட்டிடவான்னு கேட்டாரு. போர்டு அங்க இருக்கு, பாரு. மெயினையெல்லாம் அணைக்க வேண்டாம். கடைசி சுவிட்ச் ஒண்ணு போதும்.

— இதுவா? இதுமேல என்ன இத்தனை பிளாஸ்திரி?

— உன் மாடிப்படி லைட்டு அது. எங்க வீட்ல யாரும் தெரியாம அணைச்சிடக் கூடாதுன்னு ஒட்டி வச்சேன். மெதுவா உரி, குட்டி.