பூட்டிய டேப்புகள்

— அப்ப இந்தப் புதுப் பெட்டிக்குள்ள டேப்பே கிடையாதா?

— கிடையாதுக்கா. வெறும் டிஸ்க். ஆனா சர்வர் கேட்டா, என்கிட்ட நூறு டேப் இருக்கு, எடுத்து மாட்ட ஒரு இயந்திரக் கையும் இருக்குன்னு சொல்லும்.

— பொய் சொல்லும்னு சொல்லுங்க தம்பி.

— நல்ல பொய். உங்க சர்வருக்கு பேக்கப்னா, அதாவது நகல் எடுத்து வைக்கிறதுன்னா, டேப்தான். அதோட பழக்கத்தைக் கெடுக்க வேணாம்னு இந்தப் பெட்டி டேப் வேஷம் போடுது.

— டேப்ல நம்பர் ஒட்டியிருக்குமே, அது?

— அதுவும் உண்டு. இல்லாத டேப்புக்கு இல்லாத ஸ்டிக்கர்.

— அப்படியா சங்கதி! சுத்துற சத்தமாவது வருமா?

— வராது. ஏன், அது இல்லாம உங்களுக்கு வேலை ஓடாதா?

— கிண்டலா? ஆறு வருஷமா டேப்பை மாத்திட்டுத்தான் எனக்கு டீயே. அது கிடக்கட்டும், இவன் எவ்வளவு நேரம் இப்படி வாயைப் பொளந்துகிட்டு மேசையில கிடப்பான்?

— ஸ்கேன் சர்வரா? கார்டு சொருகியாச்சு. இந்த கேபிளை புதுப் பெட்டியோட சேர்த்துட்டு, மூடி போட்டு ஆன் பண்ண வேண்டியதுதான்.

— ரெண்டு மணிக்கு ஒரு குழந்தைக்கு இதய ஆபரேஷன். டாக்டர் பழைய ஸ்கேன் படமெல்லாம் கேட்பார்.

— அரை மணிகூட ஆகாது. அதுக்குள்ள உங்க டேப்பைக் குடுங்க, பக்கத்து மெஷின்ல போட்டு பழசையும் ஏத்திடலாம்.

— இந்தாங்க. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு. மெதுவா, கீழ போட்டுடாதீங்க.

— ...அக்கா, நீங்க எப்ப வேலைக்குச் சேர்ந்தீங்க?

— ஆறு வருஷம் ஆச்சே. மார்ச் நாலு. ஏன், மாலை போடப் போறீங்களா?

— இதுல கடைசியா எழுதினது அதுக்கு முந்தின வாரம்.

— வேற எதையோ பார்க்கிறீங்க.

— அஞ்சையும் போட்டுப் பார்த்துட்டேன். நீங்க வந்தப்புறம் ஒரு எழுத்துகூட ஏறல.

— தினமும் மாத்தினேனே தம்பி. காய்ச்சலோட லீவு போட்ட அன்னிக்குக்கூட வந்து மாத்திட்டுப் போயிருக்கேன்.

— இந்த ஓரத்துல தாழ்ப்பாள் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க. இதைத் தள்ளினது யாரு?

— நான்தான். சேர்ந்த அன்னிக்கே அஞ்சையும் பூட்டிட்டேன். யாராச்சும் தெரியாம அழிச்சிடக் கூடாதுன்னு.

— பூட்டினா அழிக்க முடியாது. எழுதவும் முடியாதுக்கா.

— அப்ப ஏன் ஒரு நாள்கூட ஒரு எச்சரிக்கை வரல?

— வந்திருக்கு. தினம் ஒரு மெயில். உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவர் பேருக்கு. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி செட்டிங்ல அந்தப் பேரைப் பார்த்தேன்.

— அவர் ரிட்டையராகிப் போனவரு. அதை யாரு திறந்து பார்க்கிறா?

— யாரும் பார்க்கல.

— தம்பி, அப்ப ஆறு வருஷத்துப் படம் எல்லாம்...

— இந்த மேசை மேலதான் இருக்கு. இந்த ஸ்கேன் சர்வருக்குள்ள மட்டும்.

— இதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

— பழைய டிஸ்க் அக்கா. சுத்திக்கிட்டே இருந்தா இன்னும் பல நாள் சுத்தும். நின்னு ஆறிப்போனா, திரும்ப எழுந்திரிக்கிறதுதான் கஷ்டம். கடைசியா எப்ப ஆஃப் பண்ணீங்க?

— பண்ணினதே இல்ல. இன்னிக்கு நீங்க கேட்டீங்கன்னுதான்.

— போன் அடிக்குதுக்கா.

— ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்துதான். அடிக்கட்டும். மூடியை மாட்டுங்க.

— மாட்டியாச்சு.

— தம்பி, சுவிட்சை நீங்க போடுங்க. என் கை வேணாம்.